கீபாஸ் + சிங்க்திங்: சர்வர் இல்லாமல் ஒரு பாஸ்வேர்ட் பெட்டகம்

ஆபீஸ் லேப்டாப், வீட்டுக் கம்ப்யூட்டர், போன், டேப்லெட் என்று எல்லாவற்றிலும் ஒரே பாஸ்வேர்ட் பட்டியல் வேண்டும். ஆனால் அது எந்த நிறுவனத்தின் சர்வரிலும் உட்காரக் கூடாது. இப்படி ஆசைப்படுபவர்கள் கடைசியில் வந்து சேரும் கூட்டணி இது. கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், நடுவில் கோப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க சிங்க்திங். மூன்றையும் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம்.

இந்த ஆசை வெறும் வீம்பு அல்ல. 2022 ஆகஸ்டில் தங்கள் அமைப்புக்குள் ஊடுருவல் நடந்ததாகச் சொன்ன லாஸ்ட்பாஸ் நிறுவனம், வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே களவுபோனதை டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் ஆகியிருந்தன; யார் எந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்ற முகவரிகள் ஆகியிருக்கவில்லை. கீபாஸில் தள முகவரி, பெயர், குறிப்பு எல்லாமே ஒரே கேடிபிஎக்ஸ் கோப்புக்குள் பூட்டப்படுகின்றன. பூட்டுக்கான சாவியை உருவாக்கும் முறையாக ஆர்கான்2-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு யூகத்துக்கும் மெமரியைத் தின்னவைப்பதால், மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகித்துத் திறக்கப் பார்ப்பவருக்குச் செலவு எகிறும்.

சிங்க்திங் அமைப்பது சுலபம். ஒரு சாதனத்தின் கியூஆர் குறியீட்டை இன்னொன்று ஸ்கேன் செய்ய, அந்தப் பக்கம் சம்மதம் சொல்ல, பெட்டகம் இருக்கும் ஃபோல்டரைப் பகிர, முடிந்தது. ஒரே வைஃபையில் இருந்தால் கோப்பு நேரடியாகப் போகும். வெளியே இருந்தால், தேவைப்பட்டால் இடையில் கைமாற்றிவிடும் ரிலே வழியாகப் போகும். ரிலே நடத்துபவரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

கோப்பை நடுவில் தேக்கிவைக்க ஆள் இல்லை என்பதால், இரண்டு சாதனங்களும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். மாலையில் மூடிய ஆபீஸ் லேப்டாப்பும் இரவில் பாஸ்வேர்ட் மாற்றிய போனும் சந்தித்துக்கொள்வதே இல்லை. வீட்டு ரவுட்டர் பக்கத்தில் எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெரி பை குட்டிக் கணினியை வைத்த பிறகுதான் இந்த ஏற்பாடு நிம்மதியாக நடக்கிறது.

உண்மையான சோதனை, இரண்டு இடத்தில் மாற்றம் நடக்கும்போது வரும். நெட் இல்லாத நேரத்தில் போனில் வங்கி பாஸ்வேர்டை மாற்றி, அதே சமயம் லேப்டாப்பில் மின்கட்டணக் கணக்கு ஒன்றைப் புதிதாகச் சேர்த்துப் பார்த்தேன். சிங்க்திங்குக்குக் கோப்பின் உள்ளே இருப்பது தெரியாது. பிந்திய நேரம் உள்ள கோப்பைப் பழைய பெயரிலேயே விட்டுவிட்டு, மற்றதன் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்றும் தேதி, நேரத்தையும் ஒட்டி ஓரமாக வைத்துவிட்டது. பெட்டகத்தைத் திறந்தால் ஒரு மாற்றம் காணாமல் போனதுபோல் இருக்கும். அதைக் கீபாஸ்எக்ஸ்சியின் டேட்டாபேஸ் மெனுவில் உள்ள 'மெர்ஜ்' மீட்டுக் கொடுக்கிறது: ஓரமாய்க் கிடக்கும் கோப்பைக் காட்டினால் பதிவு பதிவாக ஒப்பிட்டு இரண்டையும் சேர்த்துவிடும். ஒரே பதிவை இரு பக்கமும் திருத்தியிருந்தால் புதியது நிற்கும், பழையது அந்தப் பதிவின் 'ஹிஸ்டரி' பகுதிக்குப் போகும். வேலை அருமை. ஆனால் மெர்ஜ் தேவை என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. ஃபோல்டரை எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டில் சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது; இப்போது சிங்க்திங்-ஃபோர்க்தான் கதி. பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அதற்கு விலக்குக் கொடுக்காவிட்டால் போன் அதைத் தூங்கவைத்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். சிங்க்திங்கைப் பின்னணியில் தொடர்ந்து ஓட ஐஓஎஸ் விடாது. அவர்களுக்குக் கீபாஸியம் ஆப்பும் ஐகிளவுடும் போதும்.

இன்னொன்று: ஒத்திசைவு பேக்கப் ஆகாது. ஓரிடத்தில் கோப்பை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதனால் ராஸ்பெரி பையில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை முதலிலேயே போட்டுவிடுங்கள். கீ ஃபைல் வைத்திருந்தால் அதை இந்த ஃபோல்டரில் போடாமல் கேபிளிலோ பென் டிரைவிலோ கொண்டுபோங்கள். பூட்டும் சாவியும் ஒரே வண்டியில் போகக் கூடாது.

கணினியோடு மல்லுக்கட்டப் பிடிக்கும் ஆளுக்கு இது முதல் தரம். அம்மாவின் போனில் மட்டும் பிட்வார்டன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக என்கிரிப்ட் செய்து சர்வரில் வைப்பதால், முழுக் கோப்பும் மோதிக்கொள்ளும் பிரச்சினையே எழுவதில்லை. இலவசக் கணக்கிலேயே எத்தனை சாதனம் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.