மேட்டூருக்கு 90 அடி, ஊரடங்குக்கு எத்தனை அடி?

2021 ஜூன் முதல் வாரம். சென்னை ஆபீஸ் வேலையை திருவையாற்று வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகன் போன் செய்தார். கும்பகோணம் ரோட்டில் அவருக்கு ஒரு சின்ன டீக்கடை. மே நடுவிலிருந்து அடுப்பு பற்றவைக்கவில்லை.

"தம்பி, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு சொல்லு. எப்ப தொறக்க விடுவாங்க?"

"ஜூன் 14 அண்ணே. கிட்டத்தட்ட நிச்சயம்" என்றேன்.

என் கணக்கு ரொம்ப எளிமையானது. தமிழ்நாட்டின் தினசரித் தொற்று மே 21 அன்று 36 ஆயிரத்தைத் தாண்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டிருந்தது. எக்செல்லில் ஒரு வளைகோடு போட்டால் ஜூன் 14 வாக்கில் பாதிக்கும் கீழே வரும். அப்போதைய ஊரடங்கு உத்தரவும் அன்று காலையோடு முடிகிறது. இரண்டும் பொருந்துகிறதே!

தொற்று விஷயத்தில் கணக்கு தப்பவில்லை. ஜூன் 11 அன்று எண்ணிக்கை 16 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அந்த வாரம் வந்த அறிவிப்பு 27 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வு தந்து, 11 மாவட்டங்களை விட்டுவிட்டது. மேற்கு மாவட்டங்களோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கும் அந்தப் பதினொன்றில் இருந்தன. மற்ற ஊர்களில் டீ பார்சல் ஓடியது, இங்கே ஷட்டர் திறக்கவில்லை. மாநிலம் முழுக்க ஒரே விதி வந்தது ஜூலை 5-ல்.

அண்ணன் என் பேச்சை நம்பி, டீ மாஸ்டர் வேறு வேலைக்குப் போய்விடக் கூடாதென்று வட்டிக்கு வாங்கி முன்பணம் கொடுத்திருந்தார். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் உறுத்துகிறது. அதனால் ஊரடங்குக் காலத்து ஆரூடங்களை, என்னுடையதையும் சேர்த்து, திரும்ப எடுத்துப் படித்தேன். அதன் விமர்சனமே இந்தப் பதிவு.

2020 ஏப்ரலில் இரண்டு வரைபடங்கள் எல்லா வாட்ஸப் குழுக்களிலும் சுற்றின. ஒன்று, நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பால் ஏப்ரல் 24 அன்று செய்தியாளர் சந்திப்பில் காட்டியது. அதன் கோடு மே 16-ல் புதிய தொற்று பூஜ்யம் என்று போய் முடிந்தது. மே 16 அன்று நாட்டில் பதிவான புதிய தொற்று ஏறத்தாழ 4 ஆயிரம். குறிப்பிட்ட தேதியில் பூஜ்யமாகும் என்று யாரும் சொல்லவில்லை, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று பிறகு விளக்கம் வந்தது. இன்னொன்று, சிங்கப்பூர் தொழில்நுட்பம் மற்றும் வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தினுடையது. இந்தியாவில் 97 சதவீதம் மே மூன்றாவது வாரத்தில் முடிந்துவிடும் என்றது. முதல் அலை உச்சம் தொட்டதோ செப்டம்பரில், ஒரு நாளைக்கு 97 ஆயிரத்துக்கும் மேல்.

இவற்றைக் கேலி செய்வது சுலபம். நானும் அதே தப்பைத்தான் செய்தேன். கிடைத்த புள்ளிகளில் ஒரு கோட்டைப் பொருத்தி, அது எங்கே தரையைத் தொடுகிறது என்று பார்ப்பது. அந்தப் புள்ளிகளை உண்டாக்கிய காரணங்கள் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஊரடங்கால் இறங்கிய கோட்டைக் காட்டி ஊரடங்கு எப்போது முடியும் என்று கேட்டால், எடுத்த பிறகு கோடு எப்படிப் போகும் என்ற கேள்வி விட்டுப்போகிறது.

இரண்டாவது தப்பு, உத்தரவு காலாவதியாகும் தேதியை நோய் முடியும் தேதியாகப் படித்தது. 2020-ல் ஏப்ரல் 14, மே 3, மே 17, மே 31 என்று அந்தத் தேதி நகர்ந்துகொண்டே போனது. அடுத்து எப்போது கூடிப் பேசுவோம் என்பதற்கான தேதிகள் அவை. எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் ஸ்பிரிண்ட் முடிந்தால் பிழை தீர்ந்தது என்று எவனும் நம்ப மாட்டான். இங்கே நம்பினோம்.

மூன்றாவது தப்பு முழுக்க என்னுடையது. டெல்டாக்காரன் செய்யவே கூடாதது. மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர், கல்லணையில் திறக்கப்பட ஜூன் 16 ஆகிறது. கடைமடை வயலுக்கு இன்னும் எத்தனையோ நாள். மேட்டூரில் திறந்தாச்சு என்று வேதாரண்யம் பக்கம் யாரும் அன்றே நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்ப மாட்டார்கள். நானோ மாநிலம் முழுவதன் எண்ணை வைத்துக்கொண்டு கடைமடைக்குத் தேதி சொன்னேன். சென்னையில் வேகமாக இறங்கியது மொத்த எண்ணிக்கையை இழுத்துவிட்டது. இங்கே இறக்கம் மெதுவாக இருந்ததை அது மறைத்துவிட்டது.

சரி, ஜூன் 12-ம் ஒரு தேதிதானே? இல்லை. அது நிபந்தனையோடு வரும் தேதி. அணையில் 90 அடியாவது இருக்க வேண்டும், வரத்தும் இருக்க வேண்டும். இல்லாததால்தான் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் திறப்பு தள்ளிப்போனது. அதனால் எங்கள் ஊரில் "எப்ப தொறப்பாங்க" என்பதற்கு முன்னால் "தண்ணி எத்தனை அடி?" என்று கேட்பார்கள். படிக்காதவருக்கும் அந்த எண் தெரியும்.

ஊரடங்குக்கு அப்படி எண் இல்லாமலா போனது? 2021 ஏப்ரல் கடைசியில் மத்திய உள்துறை அமைச்சகம், ஒரு வாரம் பரிசோதனையில் 10 சதவீதத்துக்கு மேல் தொற்று, அல்லது 60 சதவீதத்துக்கு மேல் படுக்கை நிரம்பினால் கட்டுப்பாடு என்றது. மகாராஷ்டிரம் ஜூன் 7 முதல் தொற்று விகிதத்தையும் ஆக்சிஜன் படுக்கை நிரப்பத்தையும் வைத்து ஐந்து நிலைகள் வகுத்தது. எந்த மாவட்டம் எந்த நிலை என்று வாராவாரம் பார்த்துக்கொள்ளலாம். இங்கேயும் மாவட்டங்களைப் பிரித்தார்கள், அது நல்ல முடிவுதான். ஆனால் எத்தனை சதவீதம் வந்தால் தஞ்சாவூர் அடுத்த படிக்குப் போகும் என்று தேடினேன், அறிவிப்புகளில் என் கண்ணில் படவில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நாம் பார்ப்பதால் அணை மட்டம் மாறாது. தொற்று விகிதம் மாறும். எண்ணை அறிவித்துவிட்டால் நோய் இல்லாதவர்களாகப் பார்த்துப் பரிசோதித்து அதைக் குறைக்கத் தோன்றும். உண்மை. பிரிட்டன் ஜூன் 21-க்கு முன்னால் இல்லை என்று நான்கு சோதனைகளோடு சொல்லியும், மக்கள் அதை விடுதலை நாளாகவே எடுத்துக்கொண்டார்கள். டெல்டா வைரஸ் அதை ஜூலை 19-க்குத் தள்ளியது. ஆனாலும் ஏன் தள்ளிப்போனது என்று அங்கே ஒருவன் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருந்தது. என் அண்ணனுக்குக் காட்ட என்னிடம் ஒரு எக்செல் கோடு மட்டும்தான்.

2022 ஜனவரியில் இரவு ஊரடங்கும் ஞாயிறு முழு ஊரடங்கும் வந்தபோது மறுபடி போன். "எப்ப எடுப்பாங்க தம்பி?"

"தேதி தெரியாது அண்ணே. நம்ம மாவட்டத்து தொற்று விகிதத்தையும் பெட்டு எவ்வளவு நிரம்பியிருக்குன்னும் வாராவாரம் பாத்து சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் முன்பணம் குடுக்காதீங்க."

ஜனவரி 28-ல் எடுத்தார்கள். மேட்டூர் வழக்கமாக மூடும் தேதியும் அதுவே. வெறும் தற்செயல். யாராவது இதற்கும் ஒரு சூத்திரம் போட்டு வாட்ஸப்பில் விடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.