குறியும் குறியின்மையும்

பழைய ரூபாயின் பிறப்பிடத்தை அறிய நம் சேகரிப்பாளர்கள் கையில் வைத்திருப்பது, நாணயத்தில் பொறித்த அக்கசாலைக் குறிகளைக் கொண்ட ஒரு வாய்பாடு. தாமரை என்றால் சென்னை. பிறை என்றால் புதுச்சேரி. புள்ளி என்றால் பம்பாய். எதுவும் இல்லையென்றால் கல்கத்தா. சுருக்கமானது, நினைவில் நிற்பது. ஆனால் இதை ஒரு முறை என்று ஏற்பதற்கு முன், எங்கே தாங்குகிறது, எங்கே முறிகிறது என்று எடை போட்டாக வேண்டும்.

அதன் வலிமை ஆற்காட்டு ரூபாயில் தெரிகிறது. பாரசீக வாசகம் ஆற்காடு என்கிறது. ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்று இரண்டாம் ஆலம்கீரின் காலத்தைக் காட்டுகிறது. 1759இல் மாண்ட அந்த முகலாயப் பேரரசரின் பெயரிலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை அக்கசாலை 19ஆம் நூற்றாண்டிலும் ரூபாய் அடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்ததும் ஆற்காட்டின் பெயரில்தான். வாசகம் மறைத்ததைப் பிறையும் தாமரையும் காட்டிக்கொடுக்கின்றன. 1820களில் கல்கத்தாவும் இதே ரூபாயை ரோஜாக் குறியோடு அடித்தது. இங்கே குறிக்கு நிகரான சான்று நாணயத்தில் வேறில்லை. குறை ஒன்றுண்டு: தேய்ந்த காசில் ரோஜாவும் தாமரையும் இதழ்த் திட்டாக மங்கும்போது, லென்ஸ் பார்ப்பதைவிட விருப்பம் பார்ப்பதே அதிகம்.

வாய்பாடு முறிவது 1835இன் பொது நாணயச் சட்டத்துக்குப் பிறகு. 1840 என்று ஆண்டிட்ட விக்டோரியா ரூபாயைக் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுமே அடித்தன. மூன்றையும் பிரித்துக்காட்டும் வெளிப்படையான குறி பெரும்பாலானவற்றில் இல்லை. ‘குறியில்லாதது கல்கத்தா’ என்பதை இங்கே பொருத்தினால் சென்னையின் உழைப்பு முழுவதும் கல்கத்தா கணக்கில் ஏறிவிடும்.

குறியல்லாததைக் குறியாக வாசிப்பது அடுத்த பிழை. 1835 ரூபாயில் நான்காம் வில்லியத்தின் கழுத்து வெட்டில் ‘ஆர்.எஸ்.’ அல்லது ‘எஃப்’ என்ற எழுத்துகள் உண்டு. அவை கல்கத்தா அக்கசாலைத் தலைவர்களான ராபர்ட் சாண்டர்ஸ், ஃபோர்ப்ஸ் ஆகியோரின் முதலெழுத்துகள். 1840இன் ‘டபிள்யூ.டபிள்யூ.’ உருவம் செதுக்கிய வில்லியம் வயனைச் சுட்டுகிறது. எந்த எழுத்தும் ஊரைச் சொல்லவில்லை. 1862 ரூபாயோ இன்னும் நுட்பமானது. அந்த ஆண்டெண் மாறாமலே 1874 வரை அச்சு தொடர்ந்தது. பம்பாய்க் காசுகளில் ஆண்டுக்கு அருகே கூடும் புள்ளிகள் அச்சான ஆண்டைக் கணக்கிடுபவை. ஒரே புள்ளி ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் ஊரைச் சொல்கிறது. இங்கே காலத்தைச் சொல்கிறது.

இந்தச் சிக்கலுக்கு நேர்மையான விடை தேடியவர் நாணய ஆய்வாளர் பிரிட்மோர். 1975இலும் 1980இலும் வந்த அவருடைய இந்தியத் தொகுதிகள் குறியோடு நிற்கவில்லை. தலையுருவின் வகை, வாசகத்தின் இடைவெளி, மாலையிலுள்ள காய்களின் எண்ணிக்கை ஆகியவற்றால் அச்சுகளை வகைபிரித்தார். குறி ஊமையாகும் இடத்தில் அச்சைப் பேசவைத்தது அவருடைய சாதனை. குறையும் அங்கேயே: காய்களை எண்ணத் தேயாத நாணயம் வேண்டும், ஒப்பிடப் பல நாணயங்கள் வேண்டும். ஒற்றைக் காசு வைத்திருப்பவருக்கு அவர் தருவது உறுதியைவிட நிதானமே.

பிற்காலத்தில் வாய்பாட்டுக்கு மறுபடி மதிப்பு உயர்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்க அடியில், பூவுக்குக் கீழே உள்ள புள்ளி பம்பாய்க்குத் தெளிவான சாட்சி. 1943 முதல் லாகூர் ‘எல்’ பொறித்தது. ஆனாலும் விளிம்பை ஒட்டிய சிறு புள்ளிதான் முதலில் அழுக்கில் மறையும், முதலில் தேயும். மறைந்த புள்ளி கல்கத்தாவுக்குச் சான்றாகாது.

ஆகவே தீர்ப்பு இது: தெளிவாக நிற்கும் குறி வலுவான சான்று, குறியின்மை துணைச்சான்று மட்டுமே, அதுவும் அச்சு வகை உடன்பட்டால். பட்டியல் எழுதுவோர் அச்சால் நிறுவ முடியாத நாணயத்துக்கு ‘கல்கத்தா’ என்று எழுதுவதை நிறுத்தி, ‘குறியில்லாதது’ என்று பதியட்டும்.