கேள்விக்குள்ளேயே இருக்கும் விடை

கல்லூரி வினாடி வினாவை மனப்பாடக்காரர்களின் ஆட்டம் என்பவர்கள், நல்ல இறுதிச் சுற்று ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ரசிப்பது விடை தெரிந்தவரை அல்ல. தெரியாத விடையைக் கேள்வியிலிருந்தே கறந்துவிடுபவரை.

ஒரு கேள்வியை அமைத்துப் பார்ப்போம். '1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், கொசஸ்தலை ஆற்றருகே ஒரு கிராமத்தில் அப்படிப்பட்ட கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. எந்தக் கிராமம்?' ஆண்டு யாருக்கும் நினைவில் இருக்க வேண்டியதில்லை. ஆறு கொசஸ்தலை என்றால் திருவள்ளூர் மாவட்டம்; கல் என்றால் கைக்கோடரி; பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த பூண்டி அருங்காட்சியகம்... அத்திரம்பாக்கம்! அந்தக் கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதில் 'பவுன்ஸ்' முறையும் சேர்ந்தால் துணிச்சலும் வேண்டும். தன் முறை வராமலே விடையைச் சீட்டில் எழுதி நீட்டலாம். தப்பினால் மதிப்பெண் போகும். அணித் தோழரின் அரைகுறை முணுமுணுப்பை நம்பி எழுதும் அந்தக் கை எனக்கு மிகப் பிடிக்கும்.

பட்டம் வாங்கியதும் இந்த ஆட்டம் முடிவதில்லை. மியூசிக் அகாடமியில் ஆகஸ்ட் 15 தோறும் கண் மருத்துவர் நவீன் ஜெயக்குமார் நடத்திய லேண்ட்மார்க் குவிஸுக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆடியவர்களில் சிலர் பிறகு கேள்வி அமைப்பவர்களானார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவர் பழவேற்காட்டு டச்சுக் கோட்டையை வைத்து ஒரு கேள்வி அமைத்தால், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.