ஒப்புக்குச் சப்பாணி எதுவரை?

நான்கு வயதுக் குழந்தைக்கு நம் தெருப்பிள்ளைகள் விதி சொல்லி விளையாட்டுக் கற்றுக்கொடுப்பதில்லை. “இவன் ஒப்புக்குச் சப்பாணி” என்று அறிவித்துவிட்டு ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள். ஓடலாம், கத்தலாம். தொட்டாலும் அவுட் கிடையாது. அவன் தொட்டாலும் யாரும் அவுட்டாக மாட்டார்கள். திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை வண்டிகள் பிடித்துக்கொண்டு, விளையாட்டு அடுக்குமாடிகளின் கார் நிறுத்தத்துக்குள் ஒதுங்கிய பிறகும் இந்த ஏற்பாடு பிழைத்திருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பழக்க நம்மிடம் இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கட்சி. ஆனால் இது பாதி முறைதான்.

கோலி விளையாடும் சுவிஸ் பிள்ளைகளை ஆராய்ந்த ழான் பியாஜே, 1932இல் வெளிவந்த நூலில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து அதேபோல் செய்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு ஆட்டம் ஆடுகிறார்கள், எல்லோருமே ஜெயிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்த வயதில் விதியை விளக்குவது வீண். முதலில் ஆட்டத்தின் நடுவே உடம்பு இருக்க வேண்டும். பியாஜேயைப் படிக்காமலே தெரு இதைத் தெரிந்துவைத்திருந்தது.

வயது கலந்து ஆடுவது இன்னொரு பலம். 1939இல் ருக்மிணி தேவி, ஜார்ஜ் அருண்டேல் அழைப்பில் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியும் மூன்று முதல் ஆறு வயதுவரையிலான பிள்ளைகளை ஒரே அறையில்தான் உட்காரவைத்தார். இன்றைய பயிற்சி வகுப்புகளோ வயதுவாரியாகப் பிரிக்கின்றன. சதுரங்கத்தில் ஏழு வயதுக்குட்பட்டோருக்கே தேசியப் போட்டி உண்டு. எல்லோரும் ஒரே வயதாக இருக்கும் இடத்தில் யார் யாருக்குச் சலுகை தருவது?

ஆனால் அதே மாண்டிசோரியை வைத்துத்தான் சப்பாணி முறையின் ஓட்டையையும் காட்டலாம். அவருடைய மர உருளைகளைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். பிழையைப் பொருளே சொல்லிவிடும், ஆசிரியர் வாய் திறக்க வேண்டாம். சப்பாணிக்கு எந்தப் பிழையும் பிழையில்லை. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதிக்கிறான், யாரும் எதுவும் சொல்வதில்லை. மாதம் கடந்தும் மிதித்துக்கொண்டே இருக்கிறான்.

இதைவிடக் கடுமையான குறை, அந்தப் பட்டம் எப்போது நீங்கும் என்பதற்கு விதியே இல்லாதது. மெதுவாக ஓடும் பெண், புதிதாகக் குடிவந்த பையன், உடல் ஊனமுள்ள பிள்ளை ஆகியோர் ஆடத் தெரிந்த பிறகும் அதிலேயே தங்கிவிடுகிறார்கள். (அந்தப் பெயரையும் மாற்றியாக வேண்டும், அது ஊனத்தைக் கேலி செய்வது.) யாரையும் ஆட்டத்தில் சேர்க்கமாட்டேன் என்று சொல்லக்கூடாது என்ற விதியைத் தன் வகுப்பில் கொண்டுவந்து அமெரிக்க ஆசிரியை விவியன் பேலி 1992இல் ஒரு நூல் எழுதினார். நம் பிள்ளைகள் அந்த விதியை மீறாமலே ஒருவரை வெளியே வைக்கக் கற்றிருக்கிறார்கள்.

நான் சலுகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். பல்லாங்குழியில் பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக 70 முத்து. முதலில் வெறுமனே போட்டுக்கொண்டு சுற்றுவது, பிறகு வெற்றுக்குழியைத் தடவி அடுத்ததை அள்ளுவது, நான்கு சேர்ந்தால் ‘பசு’ எடுப்பது அதற்கும் பிறகு. தோற்றவர் குறைந்த குழிகளோடு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும் விதி ஐந்து வயதில் அழவைக்கும். அதைத் தள்ளிவைக்கலாம், ஆனால் தள்ளிவைத்திருக்கிறோம் என்று குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும். ரகசியமாக விட்டுக்கொடுக்கும் பெரியவர்களை எனக்குப் பிடிக்காது. குழந்தைகள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஜெயித்த சந்தோஷமும் போய்விடுகிறது.

என் முறைக்கும் ஒரு சிக்கல் உண்டு: பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் உட்கார்ந்ததுமே அது வகுப்பாகிவிடுகிறது. அதனால் கார் நிறுத்தத்தில் பொறுப்பை எட்டு வயதுக்காரர்களிடமே விட்டுவிடுவேன். சின்னவன் தெரியாமல் மிதித்தானா, தெரிந்தே மிதித்தானா என்பது பயிற்சியாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கூடுதலாகக் கேட்பது ஒரே ஒரு விதி: “இனிமே எனக்கும் அவுட் உண்டு” என்று சின்னவன் சொன்னால் அந்த நிமிடமே ஒப்புக்கொள்ள வேண்டும், பெரிய பிள்ளைகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யக்கூடாது.