ரக்தபீஜனுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

கதையையும் கவிதையையும் ஒதுக்கிவிட்டு இந்த மாதம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நாவல் படிக்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒரு வில்லன் இருக்கிறான். அவனை என்ன செய்வது என்று இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

வில்லனை முதலில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் உயிர்நிலைக்குக் கெர்னல் என்று பெயர். இயந்திரத்தில் ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு புராசஸ். ஒரு புராசஸ் கெர்னலிடம் ‘ஃபோர்க்’ என்று கேட்டால், அதைப் போலவே அச்சாக இன்னொன்று பிறக்கும். பிறந்ததும் உடனே அதையே கேட்டால்? ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பதினைந்தே இரட்டிப்பில் 32,768 ஆகிவிடும். புராசஸ்களுக்குக் கெர்னல் வழக்கமாக ஒதுக்கிவந்த அடையாள எண்களும் அவ்வளவுதான். சிந்திய துளிக்கு ஓர் அசுரன் எழுந்த ரக்தபீஜன் கதைதான் இது. இந்த அசுரனைப் பதின்மூன்றே குறிகளில் எழுதிவிடலாம். 2002-இல் ஜரோமில் என்ற இத்தாலியர் அப்படி எழுதி, கலைப்படைப்பு என்றே அதை முன்வைத்தார். சிக்கனத்தைப் பொறுத்தவரை நம் எழுத்தாளர்களில் பலர் அவரிடம் பாடம் கேட்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், காப்பாற்ற வருகிறவரும் உள்ளே நுழைய முடியாது. என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்கே ஒரு புதிய புராசஸ் வேண்டும். அதற்கு எண் மிச்சமில்லை. ஒரே இயந்திரத்தை நூறு பேர் பகிர்ந்துகொண்டிருந்தால் நூறு பேர் வேலையும் நின்றுபோகும். இத்தனைக்கும் யாரும் கெட்ட எண்ணம் வைத்திருக்க வேண்டியதில்லை. எங்கே நிறுத்துவது என்று எழுத மறந்த ஒரு புரோகிராமர் போதும்.

2011-இல் ஹிரோயுகி காமெசாவா ஒரு பேட்ச் எழுதினார். கெர்னலில் போடும் ஒட்டுக்கு அதுதான் பெயர். எது எதைப் பெற்றது என்று வம்சாவளி எழுதிவைத்து, நெருக்கடி வந்ததும் மூலபுருஷனைத் தேடிப்பிடித்துக் குலத்தோடு அழிப்பது அதன் திட்டம். விறுவிறுப்பான கதைதான். ஆனால் குற்றவாளியை அங்கே ஊகிக்க வேண்டியிருக்கிறது. நிறையப் பிள்ளை பெற்று நேர்மையாக உழைக்கும் புரோகிராமும் தூரத்திலிருந்து பார்த்தால் அசுரன் மாதிரிதான் தெரியும். அந்தப் பேட்ச் கெர்னலில் சேரவில்லை.

அலெக்ஸா சராய் எழுதிய பேட்ச் 2015 நவம்பரில் வெளியான லினக்ஸ் 4.3-இல் சேர்ந்தது. முக்கியமான கோப்பு நானூறு வரிகூட இல்லை. இதில் துப்பறிதலும் இல்லை, கொலையும் இல்லை. ஒரு குழுவுக்குள் எத்தனை புராசஸ் என்று எண்ணுகிறது. வரம்பைத் தாண்டும் பிறப்பை மறுக்கிறது. அவ்வளவே. வரம்பைப் பிற்பாடு குறைத்தாலும், ஏற்கெனவே பிறந்தவற்றின் மேல் கை வைப்பதில்லை. ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு முன்பே உண்டுதான். ஆனால் ஒரே பெயரில் பத்துச் சேவைகள் ஓடினால் ஒன்று மற்றவற்றின் பங்கையும் தின்றுவிடும். நினைவகத்துக்கு வரம்பு கட்டினால் போதாதா என்றும் சிலர் வாதாடினார்கள். நினைவகம் தீருமுன்பே எண்கள் தீர்ந்துவிடும் என்பதே அதற்குப் பதில்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த எண்ணும் பகுதி. குழுவுக்குள் குழு, அதற்கு மேல் ஒரு குழு என்று அடுக்கு இருக்கிறது. குழந்தை பிறக்குமுன் கீழிருந்து உச்சிவரை ஒவ்வொரு படியிலும் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறார். கூட்டிய பிறகுதான் வரம்பைப் பார்க்கிறார். எங்காவது மீறியிருந்தால், கூட்டியதையெல்லாம் கழித்துக்கொண்டே திரும்புகிறார். முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கூட்டினால் என்ன? பார்ப்பதற்கும் கூட்டுவதற்கும் நடுவில் இன்னொருவன் நுழைந்துவிடுவான். கூட்டிவிட்டுப் பார்ப்பதிலும் ஒரு நஷ்டம் உண்டு: கழிப்பதற்குள் வந்து நிற்கும் வேறொருவனுக்கு, இடமிருந்தும் இல்லை என்ற பதில் கிடைக்கக்கூடும். இரண்டு பிழைகளில் எது சிறியது என்று தெரிந்து எழுதிய கை இது.

குறை இல்லாமலில்லை. மறுக்கும்போது இந்தப் பேட்ச் சொல்லும் வார்த்தை ‘மறுபடி முயன்று பார்’ என்பது. பழைய யூனிக்ஸ் மரபு. சராய் அதைப் பின்பற்றியிருக்கிறார். இருந்தாலும் நிரம்பிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘அப்புறம் வா’ என்று சொல்வது நல்ல பதிலாகாது. சொல் கேட்கும் புரோகிராம் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டும். எந்த வரம்பு தடுத்தது என்று இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் புரியாது. எத்தனை முறை மறுக்கப்பட்டது என்று தெரிவிக்கும் ஏற்பாடு 2016-இல்தான் வந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

வரம்பு எவ்வளவு என்பதையும் சராய் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் போடாவிட்டால் வரம்பே கிடையாது. அதைச் சிலர் குறையென்பார்கள், நான் சொல்லமாட்டேன். சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் அதே 2015 நவம்பரில் ஒவ்வொரு சேவைக்கும் 512 என்று ஓர் எண்ணை வைத்தது. பெரிய சேவைகளுக்கு அது எட்டவில்லை. மறு வருஷமே அதை மாற்றி, மொத்த எண்களில் 15 சதவீதம் என்று வைத்தார்கள். 32,768-க்கு அது 4,915.