கேட்பவரைக் கேளுங்கள்

மார்க் மேரனின் பேட்டிப் பாட்காஸ்டுக்கு ரசிகர்களான இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே சண்டையில் போய் நிற்கும். "உனக்குப் பிடித்த எபிசோட் எது?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். ராபின் வில்லியம்ஸ் என்று பதில் வந்தால், "அது எல்லாரும் சொல்றதுதானே" என்று உதட்டைப் பிதுக்குவார். லூயி சி.கே. என்று சொல்லிவிட்டால், அந்த ஆளை இன்னும் எப்படி உன்னால் கேட்க முடிகிறது என்று கோபம் வரும். ஒபாமா பெயரை எடுத்தால் சிரிப்பு. அது செய்தி, அதெல்லாம் எபிசோடில் சேர்த்தியா? இந்தச் சண்டையில் ஒன்றைக் கவனிக்கலாம். விருந்தினர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை வைத்து யாரும் வாதாடுவதில்லை. அன்றைக்கு மேரன் எப்படி இருந்தார் என்பதில்தான் வாதம் முழுவதும்.

மேரன் அமெரிக்க ஸ்டாண்ட்-அப் காமெடியன். 2009இல் அவர் நிலைமை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இரண்டாவது திருமணமும் முறிந்திருந்தது, கையில் காசில்லை, 'ஏர் அமெரிக்கா' வானொலி நிறுவனத்தில் செய்துகொண்டிருந்த நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டார்கள். கட்டடத்துக்குள் நுழையும் அட்டை மட்டும் இன்னும் வேலை செய்தது. அவரும் தயாரிப்பாளர் பிரெண்டன் மெக்டொனால்டும் இரவில் அதே ஸ்டுடியோவுக்குள் போய் முதல் எபிசோடுகளைப் பதிவு செய்தார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸ், ஹைலண்ட் பார்க்கில் மேரனின் வீட்டுக் கார் ஷெட் ஸ்டுடியோ ஆனது. நிகழ்ச்சியின் பெயர் 'டபிள்யூ.டி.எஃப்'. விரிவாக்கத்தை இங்கே அச்சிட முடியாது, வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். 2009 செப்டம்பரில் தொடங்கி 2025 அக்டோபரில் முடிந்தபோது எபிசோடுகளின் எண்ணிக்கை 1,686.

அத்தனையையும் யாரும் கேட்டு முடிக்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். ஆனால் எதைக் கேட்பது என்பதில் புதியவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்கிறார்கள். பட்டியலைத் திறந்து தெரிந்த நடிகர் பெயராகத் தேடுகிறார்கள். அந்த எபிசோட் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். புதுப் படம் வெளியாகும் வாரத்தில் வருகிற நட்சத்திரம் எங்கு போனாலும் அதே நான்கு கதைகளைத்தான் சொல்வார். அதற்குப் பதிலாக, இந்த விருந்தினரிடம் மேரனுக்கு என்ன பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். பொறாமை, மனத்தாங்கல், பக்தி, பழைய அவமானம், காதல், ஏதாவது ஒன்று. பாக்கி இருக்கிற இடத்தில்தான் அவர் நன்றாகப் பேட்டி எடுக்கிறார். பாக்கி இல்லாதபோது அவரும் சராசரி ஆள்தான்.

லோர்ன் மைக்கேல்ஸ் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் இடம் தேடி மேரன் அதன் தயாரிப்பாளரான மைக்கேல்ஸின் அறைக்குப் போனார். மேசையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். மேரன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை. மிட்டாய் ஒரு சோதனை, அதை எடுத்ததால்தான் தோற்றோம் என்று மனிதர் முடிவுகட்டிவிட்டார். அதன் பிறகு அந்த நிகழ்ச்சியில் வேலை பார்த்த எவர் கார் ஷெட்டுக்கு வந்தாலும் லோர்ன் எப்படி, அந்த அறை எப்படி, மிட்டாய் இருந்ததா என்று துளைத்தெடுப்பார். பல ஆண்டுகள் இது ரசிகர்களுக்குத் தொடர்கதை மாதிரி ஓடியது. 2015 நவம்பரில் மைக்கேல்ஸே பேட்டி கொடுத்தார். மிட்டாய்க்குப் பின்னால் மர்மம் எதுவும் இருக்கவில்லை. இருபது வருடம் ஒருவன் தலையில் சுமந்து திரிந்த ஒன்று, எதிரே இருப்பவருக்கு மறந்துபோன ஒரு மத்தியானம். மேரன் அதை விழுங்கிக்கொள்ளும் தருணத்தைக் காதால் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தைய எபிசோடுகளில் இரண்டு மூன்றையாவது, லோர்னைப் பற்றிய புலம்பல் வருகிறவற்றை, முதலில் கேட்டிருக்க வேண்டும். நேராக இதில் நுழைந்தால் ஒரு முதலாளியின் சாவகாசமான பேட்டி, அவ்வளவுதான்.

கார்லோஸ் மென்சியா கதை வேறு விதம். அடுத்தவர் ஜோக்குகளைத் திருடுகிறார் என்று சக காமெடியன்கள் அவர்மேல் வெளிப்படையாகவே குற்றம் சாட்டிவந்தார்கள். 2010இல் மேரனிடம் வந்தார், அழகாகப் பேசினார், எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. பேட்டி முடிந்த பிறகு மேரனுக்குத் திருப்தி இல்லை. மென்சியாவைத் தெரிந்த மற்ற காமெடியன்களிடம் பேசினார், பிறகு மென்சியாவிடமே திரும்பிப் போய் மறுபடி மைக்கை வைத்தார். இரண்டு பகுதியையும் ஒரே நாளில் கேளுங்கள். முதல் பகுதியில் நீங்களும் மென்சியா பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். இரண்டாவதில் அதே குரல் வேறு மாதிரி கேட்கும். பேட்டி எடுப்பது எப்படி என்று இதழியல் மாணவர்களுக்குச் சொல்லித்தர நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் ஒபாமாவை விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன்.

இனி அந்தச் சண்டைக்குரிய எபிசோட். காமெடியன் லூயி சி.கே.யும் மேரனும் பாஸ்டன் காலத்திலிருந்தே நண்பர்கள். லூயி மேலே போகப் போக மேரனுக்கு வயிறு எரிந்தது, நட்பு தேய்ந்தது. 2010 அக்டோபரில் இரண்டு பகுதிகளாக வந்த இந்த உரையாடலில், மகள் பிறந்த கதையைச் சொல்லும்போது லூயி உடைந்துபோகிறார். எல்லாரும் இதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். நீ பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு விவாகரத்து ஆனது, நிகழ்ச்சி நின்றுபோனது, எனக்கு நீ வேண்டியிருந்தது, நீ வரவில்லை என்று லூயி சொல்கிறார். மேரன் சமாளிக்கவில்லை, ஜோக் அடித்துத் தப்பிக்கவும் இல்லை. கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுகிறார். 'ஸ்லேட்' இதழ் 2014இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பாட்காஸ்ட் எபிசோட் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

2017 நவம்பரில் ஐந்து பெண்கள் லூயி தங்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதை 'நியூயார்க் டைம்ஸ்'இல் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்று அவரும் ஒப்புக்கொண்டார். இது முன்பு வதந்தியாக உலவியபோது லூயியிடம் நேரில் கேட்டதாகவும், அவர் மறுத்ததை நம்பிவிட்டதாகவும் மேரன் தன் நிகழ்ச்சியில் சொன்னார். அதன் பிறகு அந்த 2010 எபிசோடை எப்படிக் கேட்பது? இனித் தொடவே மாட்டேன் என்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கேட்பதென்றால் 2017இல் மேரன் பேசியதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒளிவுமறைவில்லாமல் பேசுவதாகத் தோன்றும் ஒரு மனிதர் எவ்வளவை ஒளித்துவைத்திருக்க முடியும் என்பது இரண்டையும் கேட்டால்தான் புரிகிறது. நீண்ட நேர்காணல் என்ற வடிவத்தின் மேலேயே விழுகிற அடி அது. ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசினார் என்பதற்காக யாரையும் தெரிந்துகொண்டதாக நினைத்துவிட முடியாது.

ராபின் வில்லியம்ஸை நம் ஊரில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'அவ்வை சண்முகி'க்கு மூலமான 'மிஸஸ் டவுட்ஃபயர்' நாயகன். பொதுவாக அவர் பேட்டி என்றால் பத்து குரல், இருபது பாவனை, எதிரே இருப்பவர் சிரித்தே களைத்துவிடுவார். 2010 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ அருகே அவர் வீட்டுக்கு மேரன் போனார். இந்தப் பதிவில் வில்லியம்ஸின் குரல் தாழ்ந்திருக்கிறது. சுமார் இருபது ஆண்டு குடியை விட்டிருந்தவர் மறுபடி குடிக்கப் போனது, இதய அறுவை சிகிச்சை, விவாகரத்து என்று பேச்சு போகிறது. மேரனும் 1999 முதல் போதையை விட்டவர். குடியை விட்ட இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் இன்னொருவரிடம் வேஷம் போட முடியாது, அந்த வழியெல்லாம் எதிரே இருப்பவருக்கும் தெரியும். ஓரிடத்தில், குடித்துக்கொண்டிருந்த நாளில் உயிரை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதைச் சொல்லி, அதற்கு மேல் தன் மனசாட்சி தன்னைக் குறுக்கு விசாரணை செய்வது போல ஒரு சின்ன நாடகமே நடித்துக் காட்டுகிறார். வீடு இருக்கிறதே, காதலி இருக்கிறாளே, என்ன குறை என்று மனசாட்சி அடுக்குகிறது. மேரன் சிரிக்கிறார், நாமும் சிரிப்போம். 2014 ஆகஸ்டில் வில்லியம்ஸ் இறந்தபோது மேரன் இதைப் புதிய முன்னுரையோடு மறுபடி வெளியிட்டார். 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நாட்டின் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் இதைச் சேர்த்தது. அந்த மரணத்தை அறிந்தபின் இதைக் கேட்பவர்கள் ஒவ்வொரு வரியிலும் சகுனம் தேடுகிறார்கள். தேடாதீர்கள். அன்று அந்த அறையில் நன்றாகச் சிரித்த இரண்டு பேர் இருந்தார்கள், அதுவும் உண்மைதான்.

எபிசோடின் ஆரம்பத்தில் மேரன் தனியாகப் பேசுவார். பத்து, பதினைந்து நிமிடம். பூனைக்கு உடம்பு சரியில்லை, நேற்று மேடையில் சொதப்பினேன், அப்பாவோடு சண்டை. ரசிகர்களிலேயே பாதிப் பேர் இதைத் தள்ளிவிட்டு நேராகப் பேட்டிக்குப் போகிறவர்கள். தள்ளாதீர்கள் என்பது என் கட்சி. அன்றைக்கு அவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். 2020 மே 16 அன்று அவருடைய துணைவி, இயக்குநர் லின் ஷெல்டன் திடீரென்று இறந்தார். இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை எபிசோட் வழக்கம்போல் வந்தது. அழுகையோடு பேசுகிறார், நிறுத்துகிறார், தொடர்கிறார். அதற்குப் பின்னால் 2015இல் லின் விருந்தினராக வந்த பழைய உரையாடலை அப்படியே வைத்திருந்தார். இருவருக்கும் அப்போது அவ்வளவாகப் பழக்கமில்லை. பேசப் பேச ஒருவருக்கொருவர் பிடித்துப்போவது காதில் விழுகிறது, அவர்களுக்கே தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கிறது. முன்னுரையைத் தள்ளிவிட்டவர்களுக்கு இது சாதாரணமான ஒரு இயக்குநர் பேட்டி.

கேட்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். வேகத்தைக் கூட்டாதீர்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் தகவல் வந்து சேரும், தயக்கம் காணாமல் போகும். இந்த நிகழ்ச்சியில் தயக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஹெட்போன் நல்லது. அமெரிக்க காமெடியன்களின் பேச்சு வேகமும் கிளப் பெயர்களும் முதலில் மிரட்டும், எல்லாப் பெயரையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நீ தொடங்கின காலத்தில் உன்கூட யார் இருந்தார்கள் என்று மேரன் காமெடியன்களிடம் தவறாமல் கேட்பார். அந்தக் கேள்விக்கு வரும் பதில்களை மட்டும் கவனித்துவந்தால், யார் யார் எந்த மேடையில் ஒன்றாகக் கஷ்டப்பட்டார்கள் என்ற வரைபடம் தானாகவே மனதில் படிந்துவிடும். கொரோனா காலத்தில் திரை வழியே எடுத்த பேட்டிகளைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். எதிரெதிரே உட்காராதபோது மேரனின் பலத்தில் பாதி போய்விடுகிறது.

ஒபாமா? கேட்கலாம். 2015 ஜூன் 19, பதவியில் இருக்கும் அதிபர் ஒரு காமெடியனின் கார் ஷெட்டுக்கு வருகிறார், பக்கத்து வீட்டுக் கூரைமேல் துப்பாக்கியோடு காவல். சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இனவெறி பற்றி ஒபாமா பேசியது, அதில் அவர் உச்சரித்த ஒரு சொல், எபிசோட் வெளியானதும் தலைப்புச் செய்தி. ஆனால் பேட்டியாகப் பார்த்தால் மேரன் அங்கே நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறார். பக்கத்திலிருந்த ஆக்சிடென்டல் கல்லூரியில் படித்த நாட்களை ஒபாமா நினைவுகூரும் இடத்தில்தான் கொஞ்சம் மனிதர்கள் தெரிகிறார்கள். 2025 அக்டோபர் 13 அன்று வந்த கடைசி எபிசோடிலும் ஒபாமாதான். இந்த முறை மேரன் வாஷிங்டனுக்குப் போனார். எனக்கு இது முதலாவதைவிடப் பிடிக்கும். காரணம் பழைய கணக்குதான். இப்போது மேரனுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டு அடுத்த நாள் காலை என்ன செய்வது என்று, அதைச் செய்து பார்த்த ஒருவரிடமே கேட்கிறார்.