படநூல்: எழுதாமல் விடும் கலை

எமது சிறுவர் இலக்கியம் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் இரண்டு விடயங்களோடு நின்றுவிடுகின்றன. ஒன்று பாடல், மற்றது நீதிக்கதை. இரண்டிலும் எம்மவர் கணிசமாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் எழுத்துக்கூட்டத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை, உம்மாவின் மடியில் இருந்தபடி தானே பக்கம் புரட்டிப் பார்க்கும் நூல் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பத்திரிகைகளில் வரும் சித்திரக்கதையை நான் குறிப்பிடவில்லை. பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி இருக்க, மீதிக் கதையை ஓவியம் சுமக்கும் படநூலையே குறிப்பிடுகிறேன்.

தமிழில் இவை வராமல் இல்லை. 2005 இல் இலங்கையில் பணியைத் தொடங்கிய ரூம் டு ரீட் நிறுவனம் தமிழிலும் சிங்களத்திலும் படநூல்களை வெளியிட்டிருக்கிறது. சென்னையில் தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் பல வருடங்களாக இத்துறையில் இயங்குகின்றன. எனது அக்கறை எண்ணிக்கை பற்றியதல்ல. எம்மவர் இதனை எழுதும் முறை பற்றியது.

அபிப்பிராயம் கேட்டு என்னிடம் வரும் பிரதிகளில் ஒரே குறையைத் தொடர்ந்து காண்கிறேன். 'சிவப்புக் குடை பிடித்த சிறுமி மழையில் நனைந்தபடி அழுதுகொண்டு நின்றாள்' என்று வசனம் இருக்கும். எதிர்ப் பக்கத்தில் சிவப்புக் குடை, சிறுமி, மழை, கண்ணீர் எல்லாம் இருக்கும். எழுத்தாளர் கதையை முழுமையாக எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஓவியரைத் தேடியிருக்கிறார். ஓவியருக்கு மிஞ்சியது அலங்கார வேலை மட்டுமே. படத்தைப் பார்க்கும் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அதற்கு மேல் இறுதிப் பக்கத்தில் ஒரு புத்திமதியும் வந்து சேரும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நூலை உதாரணம் காட்டலாம். ஆங்கிலேய ஓவியரான பெட் ஹட்சின்ஸின் முதல் நூல் 'ரோஸிஸ் வோக்', 1968 இல் வெளிவந்தது. முழு நூலுக்கும் 32 சொற்கள்தான். அதுவும் ஒரேயொரு வசனம். கோழியொன்று பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு இராச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிறது. சொல் கூறும் கதை அவ்வளவே. படத்தில் அதன் பின்னால் ஒரு நரி பதுங்கி வருகிறது. பாயும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஓர் ஆபத்து. குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, மாவில் குளிக்கிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நூலின் எந்த இடத்திலும் 'நரி' என்ற சொல்லே கிடையாது. வாசித்துக் காட்டும் பெரியவருக்குத் தெரியாத இரகசியம் பிள்ளைக்குத் தெரிந்திருப்பது போன்ற நிலை அங்கே உண்டாகிறது. 'பின்னால பாருங்க உம்மா' என்று பிள்ளை கத்தும்போது அது கேட்பவர் என்ற நிலையிலிருந்து கதை சொல்பவராக மாறிவிடுகிறது.

இந்த எளிமை எழுதத் தொடங்கும்போதே கைகூடியதல்ல. மிருகங்களின் சத்தங்களைப் பற்றிய ஒரு நீண்ட கதையாகவே அது இருந்தது. அதில் சத்தமே போடாத நரி பற்றிய இடம்தான் பதிப்பாசிரியரைக் கவர்ந்தது. மீதியெல்லாம் வெட்டுப்பட்டு, சத்தமில்லாத அந்த நரி சொல்லிலிருந்தும் விலகிப் படத்துக்குள் போய்விட்டது. படநூலின் படைப்புச் செயற்பாடு என்று நான் கருதுவது இதைத்தான். எதை எழுதுவது என்பதை விட, எதைப் படத்திடம் ஒப்படைப்பது என்ற தீர்மானமே அங்கு முக்கியமாகிறது.

மொரிஸ் சென்டாக்கின் 'வெயர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) இதனை இன்னொரு விதத்தில் செய்கிறது. 1955 இல் அவர் திட்டமிட்டது காட்டுக் குதிரைகள் பற்றிய நூல். குதிரை வரைவது அவருக்குக் கைவரவில்லை. அதனால் குதிரைகளின் இடத்துக்கு விசித்திர ஜந்துக்கள் வந்தன. தனது சிறுவயதில் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களே அவற்றுக்கு மாதிரி என்று பின்னாளில் அவர் கூறினார். நூலில் தாயோடு கோபித்த சிறுவனின் கற்பனை வளர வளரப் படமும் வளர்கிறது. சிறிய சதுரமாகத் தொடங்கிய ஓவியம் பக்கத்தை நிரப்பி, சொல்லை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் மூன்று இரட்டைப் பக்கங்களில் சொல்லையே இல்லாமலாக்குகிறது. பின்னர் மெல்லச் சுருங்குகிறது. கடைசிப் பக்கத்திலோ படமே இல்லை. அவனுக்காக வைக்கப்பட்ட உணவு இன்னும் சூடாக இருந்தது என்ற செய்தி மட்டும் சொல்லில் நிற்கிறது. சூட்டை எப்படி வரைவது? தாயின் மன்னிப்பை எப்படி வரைவது? படத்தால் முடியாத இடத்தில் சொல் திரும்பி வருகிறது. 338 சொற்கள் கொண்ட அந்நூலில் வீணான சொல்லைத் தேடுவது கடினம்.

'இவையெல்லாம் ஆங்கிலத்துக்குச் சரி' என்று சிலர் கூறலாம். எனது அபிப்பிராயம் வேறு. பக்கம் புரட்டலுக்குத் தமிழைப் போல் இசைவான மொழி குறைவு. எமது வசனத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். 'பூனை மதிலில் ஏறி' என்று ஒரு பக்கம். 'கிணற்றைச் சுற்றி' என்று அடுத்தது. 'அடுப்படிக்குள் நுழைந்து' என்று இன்னொன்று. அது என்ன செய்தது என்பதைக் கடைசிப் பக்கம் வரை வினையெச்சமே இழுத்துச் செல்லும். இந்த வசதியைப் பயன்படுத்திய தமிழ்ப் பிரதியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம் இன்னொரு விடயம். அச்சில் 'ஓடிவிட்டது' என்றிருப்பதை எங்கள் கிழக்கில் ஓர் உம்மா 'ஓடிட்டு' என்றுதான் வாசிப்பார். உரத்து வாசிக்கப்படும் இந்நூலின் வசனம், அந்த மாற்றத்தைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தாலே பாதித் திருத்தம் நடந்துவிடும்.

எமது சமூகத்தில் இத்துறை தயங்கி நிற்பதற்கு உருவப்படம் பற்றிய கேள்வியும் ஒரு காரணம். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளோடு விளையாடிய செய்தி ஹதீஸ் கிரந்தங்களில் உண்டு. அதைக் கொண்டு சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்குச் சலுகையளித்த அறிஞர்களும் உளர், மாற்றுக் கருத்துடையோரும் உளர். தீர்ப்புச் சொல்வது எனது வேலையல்ல. ஆனால் கண், மூக்கு வரையாவிட்டால் படநூலே இல்லை என்ற எண்ணம் தவறானது. 1959 இல் வெளிவந்த லியோ லியோனியின் 'லிட்டில் புளூ அன்ட் லிட்டில் யெலோ' இதற்குச் சாட்சி. ரயில் பயணத்தில் பேரப்பிள்ளைகளை அமைதிப்படுத்த அவர் சஞ்சிகைத் தாளைக் கிழித்துச் சொன்ன கதை அது. நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் நண்பர்கள். கட்டித் தழுவிப் பச்சையாகிவிடுகிறார்கள். வீடு திரும்பினால் பெற்றோருக்கே அடையாளம் தெரியவில்லை. முழு நூலிலும் ஒரு முகம்கூட இல்லை. கிழிந்த காகிதத் துண்டுகள்தான். ஆனால் அடையாளம் மறுக்கப்பட்ட பிள்ளையின் துயரம் அதில் முழுமையாக இருக்கிறது. பல இனங்கள் அருகருகே வாழும் இந்நாட்டில் அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

எமக்கு அருகிலேயே ஒரு முன்னோடி இருந்தார். காலிக்கு அருகே கிந்தோட்டையில் வளர்ந்த சிபில் வெத்தசிங்க 1956 இல் படைத்த 'குட ஹொரா' (குடைத் திருடன்) பல மொழிகளுக்குச் சென்ற நூல். கிரிமாமாவின் குடைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன. அவர் ஒரு குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அவை சிந்திய வழியே போனால் மரத்தில் குடைகள் தொங்குகின்றன, திருடன் ஒரு குரங்கு! கதை தண்டனையில் போய் நிற்கவில்லை. கிரிமாமா குடைக்கடை வைக்கிறார். 2020 இல் மறையும் வரை அவர் பிள்ளைகளுக்காகவே இயங்கினார். எழுதுவதும் வரைவதும் ஒருவராகவே இருந்தது அவரது வாய்ப்பு.

எழுத்தாளரும் ஓவியரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும் எமது சூழலில் இருவரும் ஆரம்பத்திலேயே ஒன்றாக உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. எட்டுத் தாள்களை நடுவில் மடித்தால் 32 பக்கங்கள் வரும். உலகின் பெரும்பாலான படநூல்கள் அச்சகத் தாளின் மடிப்புக்கு ஏற்ப இந்த அளவிலேயே அமைகின்றன. அந்த வெற்றுப் பக்கங்களில் எது எங்கே வரும், எந்தப் புரட்டலில் என்ன மறைந்திருக்கும் என்று பென்சிலால் கிறுக்கிப் பார்க்கட்டும். பிறகு படம் சொல்லிவிட்ட சொல்லையெல்லாம் வெட்டட்டும்.

வர்ண அச்சின் செலவு பெரிது என்பதை மறுக்கவில்லை. 2022 இல் காகிதத் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. ஆனால் எட்டுத் தாளுக்கும் ஒரு பென்சிலுக்கும் அந்தச் செலவு இல்லை. நல்ல மாதிரிப் பிரதிகள் பத்து எம்மவரிடம் தயாராக இருந்தால் பதிப்பாளரைத் தேடிப் போகலாம். இப்போதோ, பதிப்பாளர் வந்தாலும் கொடுப்பதற்கு எம்மிடம் இருப்பவை படம் செருகிய நீதிக்கதைகள்தாம்.